படிக்க வந்த பிள்ளைக்குச் சபையில் என்ன இடம்? கடலூர் லுத்தரன் இளைஞர் ஐக்கியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் படிக்க வரும் பிள்ளைகள், அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோர், இந்த ஊரிலேயே பிறந்தும் இளைஞர் ஐக்கியத்தின் பக்கம் வராதவர்கள் என்று பலரும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். இந்த ஐக்கியத்தைச் சில ஆண்டுகளாகக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. சில பதில்கள் நீளும். கேட்டவர்கள் ஒற்றை வரிப் பதிலோடு எழுந்து போகவில்லை, அதனால்தான்.

நான் வெளியூர். மூன்று வருஷம் படிக்கத்தான் வந்திருக்கிறேன். சபையை இங்கே மாற்றிக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். உங்கள் பெயர் சொந்த ஊர்ச் சபைப் பதிவேட்டிலேயே இருக்கட்டும், வீட்டில் கட்டும் சந்தாவும் அங்கேயே போகட்டும். முடிந்தால் உங்கள் போதகரிடம் ஒரு கடிதம் வாங்கி வாருங்கள். திருமுழுக்கு (ஞானஸ்நானம்), திடப்படுத்தல் (வளர்ந்தபின் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடுவது) விவரம் அதில் இருந்தால் போதும். கடிதம் இல்லையென்று யாரும் வாசலில் நிறுத்தப்போவதில்லை.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். இங்கே இருக்கும் வரைக்கும் நீங்கள் விருந்தாளி இல்லை. சபைக் கமிட்டித் தேர்தலில் ஓட்டு மட்டும்தான் உங்களுக்குக் கிடையாது. வேதபாடம் வாசிப்பது, பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுப்பது, டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ், அறுப்பின் பண்டிகையில் ஏலம் கூவுவது வரை எல்லாவற்றுக்கும் உங்களைக் கூப்பிடுவோம். வந்த முதல் மாதமே ஒரு வேலை கையில் வந்து சேரும். வேலை இல்லாதவர்களுக்குச் சபை அந்நியமாகத்தான் தோன்றும். இதை நான் பல பிள்ளைகளிடம் பார்த்துவிட்டேன்.

கூட்டம் எப்போது? எங்கள் ஹாஸ்டலில் ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள்.

தெரியும். அதனால்தான் எங்கள் யூத் மீட்டிங் சாயங்காலத்தில் இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலய வளாகத்திலேயே நடக்கிறது, மதியச் சாப்பாட்டோடு முடிந்துவிடும். சாயங்காலம் ஏழு மணிக்குக் கூட்டம் வைத்தால் பையன்கள் மட்டும் வருவார்கள், பெண்பிள்ளைகள் பாதிப்பேர் வர முடியாது. அப்படிப்பட்ட கூட்டத்துக்கு இளைஞர் ஐக்கியம் என்று பெயர் வைப்பது நியாயம் இல்லை.

நர்சிங் படிப்பவர்களுக்கு ஞாயிறும் டியூட்டி இருக்கும். அவர்கள் வார்டுக்குப் போகும் முன் காலை ஆராதனைக்கு மட்டும் வந்துவிட்டுப் போகிறார்கள். அதுவே போதும், விளக்கம் கேட்க மாட்டோம்.

நான் காலாப்பட்டில் படிக்கிறேன். கடலூர் வரை வர முடியாதே?

பாண்டிச்சேரி பல்கலைக்கழகத்திலிருந்து இங்கே வர, புதுச்சேரி நகரம் முழுவதையும் தாண்டி அப்புறம் இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். வாராவாரம் அது நடக்காது. புதுச்சேரியிலேயே உள்ள லுத்தரன் சபைக்கு ஞாயிறுதோறும் போங்கள். எங்களோடு சேர விருப்பம் இருந்தால் மாதத்தில் ஒரு நாள் வாருங்கள். கோரிமேட்டில் ஜிப்மர் பக்கம் இருப்பவர்களுக்கும் இதையேதான் சொல்கிறோம்.

பல்கலைக்கழகத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. அங்கே பல மாநிலப் பிள்ளைகள் படிக்கிறார்கள். ராஞ்சியிலிருந்து வந்த தோழி ஒருத்தி "நானும் லுத்தரன்தான்" என்றால் ஆச்சரியப்படாதீர்கள். ஜார்க்கண்டின் கோஸ்னர் லுத்தரன் திருச்சபையின் வேர் 1845இல் ராஞ்சிக்கு வந்த மிஷனரிகளிடம் இருக்கிறது. 1919இல் அது தன்னாட்சி பெற்றது. தமிழ்நாட்டில் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானதும் அதே 1919இல்தான். ஆந்திராவிலும் பெரிய லுத்தரன் திருச்சபை ஒன்று இருக்கிறது. தமிழ் புரியாத அந்தப் பிள்ளைகளை அழைத்து வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து பிரசங்கத்தைக் காதில் சொல்லுங்கள்.

லுத்தரன் என்றால் என்ன என்று ரூம்மேட் கேட்கிறாள். என்ன சொல்வது?

புதுச்சேரியில் கிறிஸ்தவர் என்றாலே பெரும்பாலும் கத்தோலிக்கர்தான், ஆகவே இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: நாம் கடவுளிடம் நல்ல பேர் வாங்க உழைப்பதில்லை, கிறிஸ்துவுக்காக அவர் நம்மை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டார் என்று நம்புகிறோம். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்ற எபேசியர் வசனம்தான் நடுப்புள்ளி. மற்ற வேறுபாடுகளை மெதுவாகப் பேசிக்கொள்ளலாம்.

ஊர்க்கதையையும் கொஞ்சம் தெரிந்துகொண்டால் நல்லது. சீகன்பால்க், புளூட்சோ என்ற லுத்தரன் மிஷனரிகள் இருவர் தரங்கம்பாடியில் இறங்கியது 1706 ஜூலையில். அவர்கள் தொடங்கிய சபையின் முதல் இந்தியப் போதகர் ஆரோன் கடலூரில் பிறந்தவர், இயற்பெயர் ஆறுமுகம். 1718இல் ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கு வயது இருபதை ஒட்டித்தான் இருக்கும், இன்று உங்கள் வயது. 1733 டிசம்பரில் அவர் குருப்பட்டம் பெற்றார். இந்தியர்களில் முதல் புராட்டஸ்டண்ட் போதகர் அவர்தான். கடலூரின் கெடிலம் ஆற்றங்கரையில் நின்று "லுத்தரன் எல்லாம் வெள்ளைக்காரன் மதம்" என்று யாராவது சொன்னால், இந்தக் கடலூர்ப் பையனின் பெயரைச் சொல்லுங்கள். அவருக்குப் பின் 1740 முதல் 1758 வரை கீர்நாண்டர் என்ற ஸ்வீடன் நாட்டு லுத்தரன் மிஷனரி இங்கே ஊழியம் செய்தார். கடலூரில் ஆங்கிலேயரிடம் இருந்த புனித டேவிட் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த பிறகு அவர் கல்கத்தாவுக்குப் போய்விட்டார்.

"குழந்தையில் எடுத்தது ஞானஸ்நானமே இல்லை, மறுபடி முழுக்கு எடு" என்று காலேஜ் ஜெபக் குழுவில் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

எங்களிடம் வரும் கேள்விகளில் இதுதான் முதலிடம். ஒவ்வொரு ஜூலையிலும் புதுப் பிள்ளைகளோடு சேர்ந்து வந்துவிடும். சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. பல வேளைகளில் ஹாஸ்டலில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வாங்கிக் கொடுத்தவர்களே அவர்கள்தான். அதனால் மறுத்துப் பேசவும் மனம் வராது. இருந்தாலும் எங்கள் பதில்: எடுக்க வேண்டாம்.

காரணம் இது. ஞானஸ்நானத்தில் யார் செயல்படுகிறார் என்பதுதான் கேள்வியின் வேர். நான் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு என்று அதை நினைத்தால், விவரம் தெரியாத வயதில் கொடுத்த வாக்கு செல்லாதுதான். லுத்தரன்கள் அப்படி நினைப்பதில்லை. அது கடவுள் நமக்குக் கொடுத்த வாக்கு. நான் தூங்கிக்கொண்டிருந்தாலும், அழுதுகொண்டிருந்தாலும், பெயர் சொல்லி என்னைத் தம் பிள்ளையாக்கியவர் அவர். அவர் கொடுத்த வாக்கை "அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள்" என்று கேட்பது அவர் சொன்னதைச் சந்தேகிப்பதாகிவிடும். நிசேயா விசுவாசப் பிரமாணத்தில் ஒரே ஞானஸ்நானம் என்றுதான் அறிக்கையிடுகிறோம்.

"ஆனால் அன்றைக்கு எனக்கு ஒரு உணர்வும் இல்லையே" என்பார்கள். சரி. உணர்வு இன்று இருக்கும், அரியர் வந்த செமஸ்டரில் இருக்காது. உணர்வின் மேல் கட்டினால் அடுத்த உணர்வு வரும்போது மூன்றாவது முழுக்கும் தேவைப்படும். பாவமும் மனச்சாட்சியும் நெருக்கும்போது "ஆனாலும் நான் ஞானஸ்நானம் பெற்றவன்" என்று சொல்லிப் பிடித்துக்கொள்ளும்படி, ஜெர்மனியில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லுத்தர் தம் பெரிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாடநூலில் எழுதியிருக்கிறார். அந்த வரியை ஒரு நர்சிங் மாணவி தன் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.

ஏற்கெனவே எடுத்துவிட்டவர்களும் இதைப் படிக்கலாம். அவர்களுக்குத் தண்டனை ஒன்றும் இல்லை. போதகர் ஐயாவிடம் வந்து பேசுங்கள், நற்கருணைக்கு வாருங்கள், அந்த நண்பர்களையும் விட்டுவிடாதீர்கள்.

ஆவியானவர் தருவதாகச் சிலர் சொல்லும் புரியாத மொழியில், அதாவது அந்நியபாஷையில், பேசாவிட்டால் ஆவியானவர் நம்மிடம் இல்லையா?

இருக்கிறார். உங்கள் ஞானஸ்நானத்திலேயே வந்துவிட்டார்.

எனக்குச் சந்தேகங்கள் நிறைய. கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

லுத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் முழுக்கக் கேள்விகளால்தான் நடக்கிறது. ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னாலும் "இதற்கு அர்த்தம் என்ன?" என்று கேட்டுவிட்டுத்தான் அது பதில் சொல்கிறது. திடப்படுத்தல் வகுப்பில் பதிலை மனப்பாடம் செய்ய வைத்தோம். கேள்வி கேட்பதையும் அதே அக்கறையோடு கற்றுக்கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. பதினைந்து வயதில் ஒப்பித்த பதிலுக்குள் இருபது வயதுக் கேள்வி அடங்காது. பரிணாமம் படிக்கும் விலங்கியல் மாணவருக்கு ஆதியாகமம் முதல் அதிகாரம் உறுத்தத்தான் செய்யும். அம்மா ஜெபித்தும் இறந்துபோனார் என்று ஒரு பிள்ளை கேட்டால், அதை விசுவாசக் குறைவு என்று ஒதுக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு முழுக்கக் கேள்விக்குத்தான். பெயர் எழுதாமல் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடலாம். போதகர் ஐயாவும் எங்களோடு உட்காருவார். சிலவற்றுக்கு "இதை நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றும் சொல்வார். அப்படிச் சொல்லும் நாளில் பிள்ளைகள் இன்னும் நெருங்கி வருகிறார்கள்.

பாட்டு, கேம்ஸ் தவிர ஐக்கியத்தில் வேறு என்ன இருக்கிறது?

பாட்டு உண்டு, கீர்த்தனையும் உண்டு, கிட்டாரும் உண்டு. வேதபாடம் உண்டு. மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துகிறோம்.

அப்புறம் இந்த ஊருக்கென்றே ஒரு வேலை இருக்கிறது. கடலூர் புயலும் வெள்ளமும் விடாத ஊர். 2004 சுனாமியில் தேவனாம்பட்டினம் பட்ட பாட்டை இங்குள்ள பெரியவர்கள் யாரும் மறக்கவில்லை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2015இல் வெள்ளம், 2024இல் ஃபெஞ்சல் புயலும் அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளமும். தண்ணீர் வடிந்ததும் வீட்டுக்குள் நிற்கும் சேற்றை அள்ளுவது, நனைந்த ரேஷன் கார்டு, மார்க்ஷீட்டுகளை உலர்த்துவது, குடிநீர் கொண்டுபோவது எல்லாம் இளைஞர்கள் கையில்தான். எந்த மதத்தார் வீடு என்று பார்ப்பதில்லை, துண்டுப் பிரசுரமும் எடுத்துப் போவதில்லை. உதவி செய்யப் போன இடத்தில் உதவி மட்டும்தான்.

காதலிப்பது பாவமா? வேறு சாதி என்றால் சபை என்ன சொல்லும்?

காதலிப்பது பாவம் இல்லை. ஏமாற்றுவதும், மிரட்டுவதும், ஒருவர் படத்தை வைத்துக்கொண்டு பயமுறுத்துவதும் பாவம், சட்டப்படி குற்றமும்கூட. அப்படி ஏதாவது நடந்தால் பெண்பிள்ளைகள் யோசிக்காமல் எங்கள் ஐக்கியத்தின் அக்காமாரிடம் சொல்லுங்கள்.

சாதிக்கு வருகிறேன். இதில் நான் பூசி மெழுக விரும்பவில்லை. ஒரே நற்கருணைக் கிண்ணத்தில் குடித்துவிட்டு, கல்யாணப் பேச்சில் "அவங்க என்ன ஆளுங்க" என்று கேட்பது இன்னும் நம் சபைகளில் நடக்கிறது. கடலூரில் தலைமையகம் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் ஆரம்பமே இந்தப் பிரச்சினையில்தான் இருக்கிறது. ஜெர்மனியின் லைப்சிக் மிஷனில் இருந்த கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானிய மிஷனரி, சபைக்குள் சாதி வேறுபாட்டை மிஷன் சகித்துக்கொண்டதை எதிர்த்து அதிலிருந்து பிரிந்தார். நெல்லிக்குப்பத்துக்கு அருகே மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற இடத்தை அமைத்து வேலை செய்தார். 1860களில் டென்மார்க் மிஷன் சங்கத்தோடு இணைந்தார். அந்த வேலை வளர்ந்துதான் இந்தத் திருச்சபை ஆனது. சாதியை எதிர்த்து ஒரு மிஷனையே விட்டுவந்தவரின் வழியில் பிறந்த சபை இது. இங்கே வளர்ந்த பிள்ளைகள் சாதி பார்த்துப் பழகுவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

நடைமுறையில் நாங்கள் செய்வது: இருவரும் வயது வந்தவர்கள், படிப்பை முடித்தவர்கள், உறுதியாக இருப்பவர்கள் என்றால், போதகர் ஐயா இரு வீட்டிலும் போய்ப் பேசுவார். பேசியும் ஒத்துவராத வீடுகள் உண்டு. அப்போதும் ஆலயத்தில் மூன்று ஞாயிறு அறிவிப்பு வாசித்துத் திருமணம் நடத்திவைக்க நாங்கள் பக்கத்தில் நிற்போம். ஓடிப்போய்ச் செய்துகொள்ளும் நிலைமைக்கு எந்தப் பிள்ளையும் தள்ளப்படக் கூடாது.

சாதிச் சான்றிதழில் கிறிஸ்தவர் என்று இருக்கிறது. உதவித்தொகை கிடைக்குமா?

கிடைக்கும் வழிகள் உண்டு, ஆனால் பல பிள்ளைகள் தெரியாமலே விட்டுவிடுகிறார்கள். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்ற தகுதி கிறிஸ்தவருக்குக் கிடையாது. பின்னால் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், நாம் சேர்க்கப்படவில்லை. இந்த அநியாயத்துக்கு எதிராகத் தலித் கிறிஸ்தவர்கள் பல பத்தாண்டுகளாகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். இளைஞர்கள் அந்தப் போராட்டத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் குடும்பங்களிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். இடஒதுக்கீடு அந்த வகையில்தான். ஆனால் பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்போருக்கான மாநில அரசின் உதவித்தொகையில் மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர் மாணவர்களும் சேர்ந்தே வருகிறார்கள். கல்லூரி அலுவலகத்தில் "நீ பி.சி., உனக்கு இது இல்லை" என்று சொன்னால் அதோடு திரும்பிவிடாமல் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேளுங்கள். விண்ணப்பம் நிரப்ப எங்களில் ஒருவர் கூட வருவார். புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம், அங்கே பட்டியலும் விதிகளும் வேறு. அங்கத்திய பிள்ளைகள் அங்கேயேதான் விசாரிக்க வேண்டும்.

அரியர் ஏறிவிட்டது, தூக்கம் வரவில்லை, யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஜெபித்தால் போதுமா?

ஜெபியுங்கள், டாக்டரையும் பாருங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. லுத்தரே கடும் மனச்சோர்வில் கிடந்தவர். தனியாக இருக்காதே, ஆட்களோடு சேர்ந்து சாப்பிடு, பாடு என்றுதான் தன்னைப் போல் சோர்ந்தவர்களுக்கு எழுதினார்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். 14416 என்பது மத்திய அரசின் டெலி மானஸ் எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104க்கும் அழைக்கலாம். பக்கத்தில் இருக்கும் தோழர் அந்த நிலையில் இருந்தால் அவரைத் தனியாக விடாதீர்கள், ரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்திருந்தாலும் வார்டனிடமோ எங்களிடமோ சொல்லுங்கள். அரியர் எழுதித் தேறலாம். நாங்களே கணக்கும் அக்கவுண்டன்சியும் சொல்லிக்கொடுக்க ஆள் வைத்திருக்கிறோம்.

கிறிஸ்தவர் அல்லாத நண்பரை அழைத்து வரலாமா?

வரலாம். மதியச் சாப்பாடு அவருக்கும் உண்டு. அவராகக் கேட்டால் பேசுங்கள், கேட்காவிட்டால் நண்பராக இருங்கள். ஹாஸ்டல் அறையில் அனுமதி இல்லாமல் கூட்டம் நடத்த வேண்டாம்.

முழுநேர ஊழியத்துக்கு அழைப்பு இருப்பது போல் தோன்றுகிறது. படிப்பை விட்டுவிடட்டுமா?

விடாதீர்கள். முதலில் டிகிரியை முடியுங்கள். கடவுளின் அழைப்பு குருமாருக்கு மட்டும் என்று இருந்த காலத்தில், தாயும் விவசாயியும் தொழிலாளியும் செய்யும் வேலையும் அழைப்புதான் என்று லுத்தர் சொன்னார். சிப்காட்டில் ஷிப்டு பார்க்கும் கெமிஸ்ட், பாதுகாப்பு விதியை மீறச் சொல்லும்போது மாட்டேன் என்று சொல்வதும் ஊழியம்தான். இதைச் சொன்ன பிறகும் உங்களுக்குள் அந்த எண்ணம் அடங்கவில்லை என்றால் போதகர் ஐயாவோடு ஒரு வருஷம் நெருங்கி வேலை செய்து பாருங்கள். மருத்துவமனைச் சந்திப்பு, அடக்க ஆராதனை, கமிட்டிச் சண்டை எல்லாவற்றையும் பார்த்த பிறகு சென்னை கீழ்ப்பாக்கத்தில் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி, மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி என்று யோசிக்கலாம். பெண்பிள்ளைகளுக்கும் இதே பதில்தான்.

மாணவர்கள் காணிக்கை கொடுக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. பஸ் காசை வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் காலேஜ் போன பிறகு கோயிலுக்கே போவதில்லை. நீங்கள் கூப்பிட்டுப் பேசுவீர்களா?

அம்மா, அப்பா, பேசுகிறோம். ஆனால் "உங்க வீட்டில் சொன்னாங்க, ஏன் வரவில்லை" என்று ஆரம்பிக்க மாட்டோம். சாப்பிட்டாயா, ரூம் எப்படி இருக்கிறது என்றுதான் பேசுவோம்.

திடப்படுத்தல் அன்று வெள்ளை உடுத்தி நின்ற பிள்ளையை, அடுத்து அவன் கல்யாண அறிவிப்பு வாசிக்கும்போதுதான் பல சபைகள் கவனிக்கின்றன. நடுவில் உள்ள பத்து வருஷத்தில் நாற்காலி அடுக்கவும் ஒலிபெருக்கி தூக்கவும் மட்டும்தான் அவனைக் கூப்பிட்டோம். கமிட்டியில் அவன் பேச்சு ஏறவில்லை. பிரசங்கத்தில் அவன் வயதின் கவலை வரவில்லை. பையன்கள் விசுவாசத்தை விட்டுவிட்டார்கள் என்று குற்றம் சொல்லும் முன் நாம் அவர்களுக்கு எதை நம்பிக் கொடுத்தோம் என்று பார்க்க வேண்டும். எங்கள் சபையில் இப்போது கமிட்டிக் கூட்டத்தில் இளைஞர் இருவர், ஆண் ஒருவர் பெண் ஒருவர், உட்காருகிறார்கள். கணக்கு வாசிக்கும்போது அவர்களும் கேள்வி கேட்கிறார்கள். பெரியவர்களில் சிலருக்கு முதலில் பிடிக்கவில்லை, இப்போது பழகிவிட்டது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது: போனில் "சர்ச்சுக்குப் போனியா" என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். லீவுக்கு வரும்போது அவனோடு உட்கார்ந்து குடும்ப ஜெபம் செய்யுங்கள், நீங்களே ஜெபியுங்கள், அவனை ஒப்பிக்கச் சொல்ல வேண்டாம்.

படிப்பு முடிந்தது, சென்னையில் வேலை. அங்கே எப்படிச் சபை தேடுவது?

புரசைவாக்கம் அடைக்கலநாதர் ஆலயம் போலப் பழைய லுத்தரன் சபைகள் சென்னையில் இருக்கின்றன. பெங்களூருவிலும் தமிழ் ஆராதனை உண்டு. அருகில் லுத்தரன் சபை இல்லாவிட்டால் தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) சபைக்குப் போகலாம், தயங்க வேண்டாம். இந்த முறை ஊர் மாறினால் திரும்பி வரும் தேதி இருக்காது, ஆகவே சொந்த ஊர்ச் சபையிலிருந்து மாற்றுக் கடிதம் வாங்கி அங்கே முறையாக உறுப்பினராகிவிடுங்கள், சம்பளத்திலிருந்து சந்தாவும் கட்டுங்கள். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே எங்களிடம் சொல்லுங்கள். நீங்கள் இறங்கும் ஊரில் எங்கள் பழைய பிள்ளை ஒருவர் அநேகமாக இருப்பார், அவர் எண்ணைத் தருகிறோம்.